வாசிக்க இடர்ப்பட்ட தோழனும் விளையாட்டுத் திரையும்

யூபிலி மலரொன்றைக் கையிலெடுப்போர் முதலில் தேடுவது தத்தம் காலத்து மாணவர் பெயர்களையே. வைத்தியரானோர், பொறியியலாளரானோர், நீதிமன்றம் ஏறியோர், நிருவாகத்துறையில் உயர்ந்தோர், கடல் கடந்து சென்று கல்லூரியின் பெயரை நிலைநாட்டியோர் என நிரல்பட அடுக்கப்பட்ட அப்பெயர்களைக் காணுந்தோறும் எமது நெஞ்சு பூரிக்கின்றது. அப்பூரிப்பு நியாயமானதே. ஆயினும் அந்நிரலில் என்றுமே இடம்பெறாத ஒருவனை நினைந்தே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம். அவன் பெயரை இங்கே வெளியிடுதல் தகாது. எட்டாம் வகுப்புவரை எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவன் என்று கூறுதல் போதும்.

ஒருமுறை கேட்ட தேவாரத்தைப் பண் பிசகாமற் பாடும் ஆற்றல் அவனுக்கிருந்தது. கணக்கை வாயாற் சொன்னால், நாம் கொப்பியைத் திறப்பதற்குள் மனத்தாலே கூட்டி விடை சொல்லிவிடுவான். துவிச்சக்கர வண்டியொன்றைக் கழற்றிப் பூட்டுவதில் அவனுக்கு நிகரானவர் வகுப்பில் இருந்ததில்லை. ஆனால் தமிழ்ப் பாடவேளையிற் புத்தகத்தை ஏந்தி எழுந்து நின்றால் அவன் வேறொருவனாகிவிடுவான். ஒரு வரியைக் கடப்பதற்குள் நெற்றி வியர்த்துவிடும். சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துச் சொல்லுவான்; ஊகம் பிழைக்கும். தனக்கு முன் வாசித்தவனின் குரலைச் செவியில் ஏற்றி வைத்து அதனையே ஒப்பிப்பதும் உண்டு; ஆசிரியர் அடுத்த பந்தியை வாசிக்கச் சொன்னதும் அகப்பட்டுக்கொள்வான். தன் முறை வருமுன் தண்ணீர் குடிக்க உத்தரவு கேட்பான், வயிற்றுவலி என்பான். பின்னர் வாங்கின்மேல் ஏறி நிற்பான். நாம் சிரித்தோம். இதனைச் சொல்ல வெட்கமாகவே இருக்கின்றது. ஆயினும் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்பின் இறுதித் தவணைக்குப் பின் அவன் கல்லூரிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எம்மில் எவரும் கேட்கவுமில்லை.

அவனை மந்தன் என்றனர் சிலர். சோம்பேறி என்றனர் வேறு சிலர். இரண்டும் பிழை என்பது அக்காலத்திலேயே உலகம் அறிந்திருந்த செய்தியாகும். டிஸ்லெக்சியா என்னும் சொல்லை 1887ஆம் ஆண்டில் தமது நூலில் விளக்கியவர் ருடோல்ப் பேர்லின் என்னும் ஜேர்மானியக் கண் வைத்தியர். மூளை நோயினால் வாசிப்பாற்றலை இழந்த வளர்ந்தோரைக் குறித்தே அவர் அச்சொல்லை ஆண்டார். பின்னர், 1896ஆம் ஆண்டில், பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர், நோயெதுவும் இன்றிப் பிறப்பிலிருந்தே வாசிக்க இடர்ப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அச்சிறுவன் கூர்மதியுள்ளவன், கண்பார்வையிற் குறையில்லாதவன். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடத்தப்படின் பாடசாலையில் அவனே முதல்வனாவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து என்றும் அவ்வைத்தியர் குறித்துள்ளார். எமது தோழன் வாங்கின்மேல் நின்ற நாளில் அக்கட்டுரைக்கு எழுபது வயது நிறைந்திருந்தது. எழுபது ஆண்டுகளிலும் அச்செய்தி எமது வகுப்பறையின் வாயிலை வந்தடையவில்லை.

பேச்சு மனிதனுக்கு இயல்பாய் வாய்ப்பது. எழுத்தோ ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது. ஆதலின் வாசிப்பதற்கென்று மூளையிற் பிறவியிலேயே அமைந்த உறுப்பு ஒன்றுமில்லை. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பேசுவதற்கும் உரிய பகுதிகள் பயிற்சியினால் ஒன்றுகூடியே எழுத்தை ஒலியாக்குகின்றன. அவ்விணைப்புச் சிலரிடத்து எளிதில் அமைவதில்லை. குடும்பவழி தொடர்ந்து வருவதும் உண்டு. இங்ஙனம் இடர்ப்படுவோர் நூற்றுக்கு ஐந்து முதற் பத்துப் பேர்வரை இருப்பர் என்று பொதுவாக மதிப்பிடுவர். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் இருவராயினும் நால்வராயினும் இருப்பர் என்பது இதன் பொருள்.

தமிழ் பெரும்பாலும் எழுதியவாறே வாசிக்கப்படும் மொழியாதலின் எம்மவர்க்கு இத்தொல்லை இல்லை என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. இத்தாலியம், ஜேர்மன், பின்னிஷ் ஆகிய மொழிகளும் அத்தகையனவே. அங்கும் இடர்ப்படுவோர் உளர். அம்மொழிகளில் இக்குறை பிழையாக வாசிப்பதினும் மிக மெதுவாக வாசிப்பதாகவே வெளிப்படுகின்றது. தமிழ்ப் பிள்ளையோ லகர ளகர ழகரங்களையும் னகர ணகரங்களையும் பிரித்தறிய வேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தில் மெய்க்கு முன்னும் பின்னும் நிற்கும் குறிகள் இரண்டும் சேர்ந்து, மெய்யொலிக்குப் பின் வரும் ஓருயிரையே காட்டுகின்றன என்று உணரவேண்டும். வீட்டிற் பேசும் தமிழினின்றும் வேறுபட்ட நூற்றமிழை வாசிக்கவேண்டும். இவற்றை நாம் எப்படிக் கற்றோம் என்பதை மறந்துவிட்டமையினாலேயே பிறர்க்கு இவை எளியன என்று எண்ணுகின்றோம்.

இனி விளையாட்டுத் திரைக்கு வருவோம். எமது பேத்தி ஒருநாள் தன் கைத்தொலைபேசியை நீட்டி, “அம்மப்பா, இதை வாசித்துப் பாருங்கள்” என்றாள். சுவீடன் நாட்டு மென்பொருள் வல்லுநர் ஒருவர், வாசிக்க இடர்ப்படும் நண்பர் ஒருவர் கூறியதைக் கேட்டு, 2016ஆம் ஆண்டில் ஆக்கிய பக்கம் அது. ஒவ்வொரு சொல்லின் உள்ளும் எழுத்துக்கள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருந்தன. இரண்டு வரிக்குள் எமக்குத் தலை கனத்தது. “இப்பொழுது உங்களுக்கு விளங்குகிறதா?” என்றாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள் அல்லவா? விளங்குகின்றது என்றே அன்று விடை கூறினோம். பின்னர் ஆறியிருந்து சிந்தித்தபோது, விளங்கியது மிகச் சிறிதே என்பது புலனாயிற்று.

முதலாவதாக, எழுத்துக்கள் கண்முன் கூத்தாடுதல் இவ்விடர்ப்பாட்டின் பொதுவான இயல்பன்று. அப்படித் தோன்றுகின்றது என்று சொல்வோர் சிலர் உண்டு; அதனை மறுக்கமாட்டோம். ஆனால் பெரும்பான்மையோர்க்கு எழுத்து அசையாமலே நிற்கின்றது. அதற்குரிய ஒலிதான் வேளைக்கு வந்து சேர்வதில்லை. எழுத்தை நடனமாடவிடும் விளையாட்டு, கண்ணிலேதான் குறை என்னும் பழைய மயக்கத்தையே வளர்க்கின்றது.

இரண்டாவதாக, எமக்குத் தலை கனத்ததும் தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றோம். எமது தோழனால் அவ்வாறு எழுந்து போக முடிந்ததா? பத்து நிமிடத் துன்பம் வேறு. ஒவ்வொரு நாளும் எட்டுப் பாடவேளை, ஆண்டுதோறும் மூன்று தவணை என்று நீளும் துன்பம் வேறு. அன்றியும், நீண்டகாலம் இடர்ப்பட்டோர் தாமே கண்டுபிடித்த உபாயங்கள் பல உள. செவியால் மனனஞ் செய்தல், படத்தைக் கொண்டு ஊகித்தல், நண்பனிடம் கேட்டறிதல் ஆகிய திறன்களுள் ஒன்றேனும் பத்து நிமிடம் விளையாடியவனுக்குக் கிட்டுவதில்லை. ஆகவே அவன் இயலாமையை மாத்திரமே சுவைத்துவிட்டு, இடர்ப்பட்டோரின் வாழ்வு முழுவதும் அதுவே என்று முடிவு கட்டுகின்றான்.

இஃது எமது ஊகம் மாத்திரம் அன்று. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றிலே, கண்ணைக் கட்டிக்கொண்டு குருடர்போல் நடந்து பார்த்தவர்கள், கண்ணில்லாதோரின் ஆற்றலை முன்னையிலும் குறைவாகவே மதித்தனர். 2017ஆம் ஆண்டில் வெளியான மற்றோராய்வு வாசிப்பு இடர்ப்பாட்டை நடித்துப் பார்க்கும் பயிற்சியையும் உள்ளடக்கியது. அதிற் பங்குபற்றிய மாணவர்கள் குழப்பமும் கூச்சமும் கையறுநிலையும் எய்தினர். தமக்கும் இது வந்துவிடுமோ என்று அஞ்சினர். குறையுடையோர்பால் அவர்களுடைய இரக்கம் மிகுந்தது உண்மை. ஆனால் அவர்களோடு பழகும் மனப்பான்மை திருந்தவில்லை. இரக்கம் வேறு, ஒத்துணர்வு வேறு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமோ? இரக்கம் மேலிருந்து கீழ்நோக்குவது. ஒத்துணர்வு ஒரே வாங்கில் உடனிருப்பது.

அங்ஙனமாயின் விளையாட்டினாற் பயனில்லை என்கின்றோமா? இல்லை. எவ்வகை விளையாட்டு என்பதே எமது கேள்வி. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்தித் திரைப்படத்தில், வாசிக்க இடர்ப்படும் சிறுவன் ஒருவனைக் கண்டு கண்ணீர் வடித்தோர் பலர். படத்தைப் பார்ப்பவன் அழலாம். கதையின் போக்கை மாற்ற அவனால் இயலாது. விளையாட்டிலோ ஆடுபவனே தெரிந்தெடுக்கின்றான். தெரிந்தெடுத்ததன் பயனையும் அவனே அனுபவிக்கின்றான். அதுவே இக்கலையின் தனிச்சிறப்பு. அச்சிறப்பைப் பயன்படுத்தாமல் எழுத்துக்களை மாத்திரம் ஆடவிடுதல், வீணையை வைத்துக்கொண்டு தாளம் தட்டுவது போலாம்.

2013ஆம் ஆண்டில் லூக்காஸ் போப் என்பவர் ஆக்கிய ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ என்னும் விளையாட்டை இங்கே எடுத்துக்காட்டுதல் தகும். ஆடுபவன் அதிலே கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியிற் பத்திரங்களைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தன். பரிசோதித்து முடித்தோரின் தொகைக்கேற்பவே அன்றைய கூலி; வீட்டிலோ பசியும் குளிரும். கணவனின் பத்திரம் சரியாக இருக்கும். பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிப் பத்திரம் இராது. அவளை உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா? அகதியின் துன்பத்தை அது அகதியாக்கிக் காட்டவில்லை. அவனைத் தடுப்பவனாக்கிக் காட்டுகின்றது. கொடியவன் அல்லாத ஒருவன், நேரமின்மையினாலும் விதியினாலும் எப்படிக் கொடுமை செய்கின்றான் என்பதை ஆடுபவன் தன் கையாலேயே அறிகின்றான்.

இனி, 2017ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரத்து நிறுவனமொன்று வெளியிட்ட ‘ஹெல்பிளேட்’ என்னும் விளையாட்டு மனநோயுற்ற பெண்ணொருத்தியின் கதையைக் கூறுவது. அதனை ஆக்கியோர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மனநோய் அறிஞர் போல் பிளெட்சரின் உதவியை நாடினர். அந்நோயை அனுபவித்தவர்களையும் அழைத்து, அவர்கள் வாய்மொழி கேட்டே குரல்களையும் காட்சிகளையும் அமைத்தனர். நோயறியாதவன் நோயைக் கற்பனை செய்யலாகாது என்னும் பாடத்தை அதிலிருந்து பெறலாம்.

கணினி தோன்றாத கல்விப் பயிற்சி ஒன்றும் எமக்கு வழிகாட்டுகின்றது. ரிச்சர்ட் லவோய் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1989ஆம் ஆண்டில் ஒரு பயிற்சி வகுப்பைப் படமாக்கி வெளியிட்டார். பெற்றோரையும் ஆசிரியரையும் மாணவராக இருத்தித் தாம் கடுமையான ஆசிரியராக நின்றார். விடை சொல்ல அவகாசம் கொடாமல் அடுத்தவரிடம் தாவினார், ஏளனஞ் செய்தார், இன்னும் முயன்று பார் என்று அதட்டினார். சிறிது நேரத்திற்குள் கற்றறிந்த பெரியோர் தலைகுனிந்து, ஆசிரியரின் கண்ணிற் படாமல் ஒளியத் தொடங்கினர். வாசிக்க இடர்ப்படும் பிள்ளையின் துன்பத்திற் பெரும்பகுதி எழுத்தினால் வருவதன்று, சூழ நிற்பவர்களால் வருவது என்பதை அவர்கள் அறிந்துகொண்டனர்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து எமது கருத்து இதுவே: எமக்கு வேண்டியது, எம்மைப் பத்து நிமிடம் அத்தோழனாக்கும் விளையாட்டன்று, அவனைச் சூழ நின்ற எம்மை எமக்கே காட்டும் விளையாட்டு. அன்று நாம் எழுத்தோடு போராடியவர் அல்லேம், சிரித்தவர். எமது பங்கு எதுவோ அதனையே நாம் ஆடிப் பார்க்கவேண்டும்.

அத்தகைய விளையாட்டைத் தமிழில் ஆக்குதல் அரிதன்று. ஆடுபவன் ஆசிரியன். முன்னே நாற்பது மாணவர். கையிலே நாற்பது நிமிடம். தவணை முடிவுக்குள் முடிக்கவேண்டிய பாடங்களோ ஒரு மலை. பின்வாங்கில் ஒருவன் தண்ணீர் குடிக்க உத்தரவு கேட்கின்றான். அது தாகமா, அச்சமா? அவனை எழுப்பி வாசிக்கச் சொல்வதா? சொன்னால் வகுப்புச் சிரிக்கும். சொல்லாமல் விட்டால் அவன் ஒருபொழுதும் கற்கமாட்டான். முதல்நாளே பந்தியைக் காட்டி, வீட்டிற் பயின்று வருமாறு தனியே அழைத்துச் சொல்லலாம். ஆனால் அதற்கு இடைவேளையை இழக்கவேண்டும். வாய்மொழியாகக் கேள்வி கேட்கலாம்; அவன் பளிச்சென்று விடை சொல்வான். அடுத்த ஆட்டத்தில் ஆடுபவன் பக்கத்து வாங்கு மாணவன்: சிரிப்பதா, சிரிக்காமல் இருப்பதா, மெல்லச் சொல்லைக் காதில் ஓதுவதா? ஆட்டத்தின் முடிவில் வெற்றி தோல்வி காட்டப்படுவதில்லை. எட்டாம் வகுப்பின் இறுதித் தவணைக்குப் பின் அவன் வருகின்றானா இல்லையா என்பது மாத்திரமே காட்டப்படும்.

எமது கல்லூரியில் இன்று தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர்க்கு இதனை ஆக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. வாசிக்க இடர்ப்படும் மாணவரும், அவ்வாறு இடர்ப்பட்டு வளர்ந்தோரும் அதன் ஆக்கத்தில் முதலிலிருந்தே பங்குபற்றவேண்டும். விளையாட்டின் வழியாக இவ்விடர்ப்பாட்டை இனங்காணும் ‘டைற்றெக்ரிவ்’ என்னும் ஆக்கத்தை ஸ்பானிய மொழியில் உருவாக்கிய லூஸ் ரெல்யோ தாமும் இவ்விடர்ப்பாடு உடையவரே. மேலும், ஆக்குவோர் திரையெங்கும் நுண்ணெழுத்தை நிரப்பிவிடலாகாது. உரையாடல் யாவும் குரலாக ஒலிக்கவேண்டும். வாசிக்க இடர்ப்படுவோனுக்காக எழுதிய விளையாட்டை அவனே ஆட இயலாதெனின் அதனினும் நகைப்புக்கிடமானது வேறில்லை.

பிள்ளைக்கு நேரே உதவும் விளையாட்டுக்களும் உள என்பதை இங்கே சுருங்கக் கூறுவோம். பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிராபோகேம்’ ஒலியைக் கேட்டு அதற்குரிய எழுத்தைத் தெரிந்தெடுக்கப் பயிற்றுவது. இத்தாலியின் பதுவா நகரத்து ஆய்வாளர் 2013ஆம் ஆண்டில், வேகமான வீடியோ விளையாட்டைப் பன்னிரண்டு மணி நேரம் ஆடிய பிள்ளைகளின் வாசிப்பு வேகம் கூடியது என்று கண்டனர். ஆயினும் அது மிகச் சில பிள்ளைகளைக் கொண்ட ஆய்வு. அதனைக் கொண்டு விளையாட்டே மருந்து என்று பறைசாற்றல் ஆகாது. எழுத்தையும் ஒலியையும் முறையாகவும் பொறுமையாகவும் இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியரின் இடத்தை எந்தத் திரையும் நிரப்பமாட்டாது.

விளையாட்டினாற் பிள்ளைகள் கெட்டுப்போகும் காலத்தில் அதனைக் கல்லூரிக்குள்ளும் கொண்டுவருவதா என்று மூத்தோர் கடிந்துகொள்ளக் கூடும். அவர்களுடைய கவலையை நாம் அறிவோம். எமக்கும் அது உண்டு. ஆனால் நாம் வேண்டுவது ஒரு பாடவேளை விளையாட்டும், அதன்பின் இரண்டு பாடவேளை கலந்துரையாடலுமே. இடர்ப்படுவோனுக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் அளிப்பதும் வினாவை வாசித்துக் காட்டுவதும் மற்றையோர்க்கு அநீதியாகாதோ என்று கேட்பாருமுளர். மூக்குக்கண்ணாடி அணிந்து பரீட்சை எழுதியவன் முதலாம் பிரிவிற் சித்தியெய்தினான் என்று எவரும் இதுவரை முறையிட்டதில்லை. பரீட்சை அளக்கவேண்டியது அறிவையாயின், அறிவை வெளிப்படுத்தத் தடையாய் நிற்பதை விலக்குதல் அநீதியாகாது.

இந்த யூபிலி ஆண்டிலே பழைய மாணவர் மண்டபங் கட்டப் பொருள் திரட்டுகின்றனர், நற்பணி. அதனோடு, வாசிக்க இடர்ப்படும் மாணவரை இளவயதிலேயே இனங்கண்டு கற்பிக்கத் தக்க பயிற்சியை ஆசிரியர் இருவர்க்கேனும் அளிக்கும் செலவை ஏற்பாராக. மாணவர் அவ்விளையாட்டை ஆக்குவாராக. ஆசிரியப் பெருமக்கள் அதனை முதலில் தாம் ஆடிப் பார்ப்பாராக. அவர்களுள் ஒருவர் மறுநாட் காலையிற் பின்வாங்கை நோக்கி, “நாளைக்கு நீ வாசிக்க வேண்டிய பந்தி இது, இன்றைக்கே பார்த்துக்கொள்” என்று மெல்லக் கூறின், அவ்விளையாட்டின் பயன் கைவந்ததாகும்.

எமது தோழனைப் பல ஆண்டுகளின் பின் ஒருமுறை கண்டோம். சொந்தமாக வண்டி திருத்தும் நிலையம் நடத்திக்கொண்டிருந்தான். எம்மைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, கல்லூரியைப் பற்றியே முதலில் விசாரித்தான். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க எண்ணினோம், நா எழவில்லை. இம்மலரை அவனுக்கு அனுப்பி வைப்பதாக உள்ளோம். அவனுடைய மகள் இதனை அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். கல்லூரித் தாய் தன் மக்கள் யாவரையும் ஒரே நிரலில் வைத்து எண்ணும் நாள் விரைவில் வருவதாக.